“ஸ்கிரீன் அக்யூரேட்” பெயிண்டிங் என்று சொல்பவரிடம் ஹெல்மெட்டை அனுப்பும் முன்

சினிமா ஹெல்மெட்டுகளுக்குத் திரையில் பார்த்தபடியே பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்லி இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கும் ஒருவரிடம், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் வில்லன் டார்த் வேடர் அணியும் ஹெல்மெட்டின் என் நகலைக் கொடுத்தேன். பேசிய கூலி பதினாலாயிரம். பாதி முன்பணம், மீதியைக் கட்டினால்தான் கூரியர் போடுவேன் என்றார். கட்டினேன். திரும்பி வந்த ஹெல்மெட் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற அலங்காரப் பொருள் மாதிரி கறுப்பும் வெள்ளியுமாக மின்னியது. பணம் போனதை விடுங்கள், முகமூடியின் வடிவத்தையே மாற்றி அனுப்பியிருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரையோ பக்கத்தையோ இங்கே போடவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு அதுவே அடையாளம்.

இதில் அவ்வளவு என்ன இருக்கிறது, கறுப்பு ஹெல்மெட்டுக்குக் கறுப்பு பெயிண்ட்தானே என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1977-ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வேடரின் தலைக்கவசம் முழுக் கறுப்பு கிடையாது. கறுப்பும், கன்மெட்டல் என்கிற கரும்சாம்பல் உலோக நிறமும் மாறி மாறி வரும். கன்மெட்டல் மிக இருண்ட நிறம் என்பதால் படத்தின் இருட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் கன்னமும் கண்குழியும் தனித்தனியாக எழுந்து நிற்கும். பழைய டிவியில் பார்த்து வளர்ந்த நம்மில் பலர் அதை முழுக் கறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. 1980-ல் வந்த இரண்டாவது படத்திலும் இரட்டை நிறம்தான்.

இன்னொன்று, அந்த முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியத்தை வைத்து, பிரையன் மியூர் என்ற சிற்பி களிமண்ணில் கையால் செதுக்கியது அது. இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் படம் தயாரான காலத்தில் செய்தது. அதிலிருந்து அச்சு எடுத்துக் கண்ணாடியிழையில் (ஃபைபர்கிளாஸ்) வார்த்தார்கள். கைவேலை என்பதால் ஒரு கன்னம் இன்னொன்றைவிடச் சற்று வேறு, கண்குழிகளும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. 2005-ல் வந்த ‘ரிவெஞ்ச் ஆஃப் த சித்’ படத்துக்குத்தான் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி ஹெல்மெட்டைப் புதிதாகச் செய்தார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோணல்தான் வேடரின் முகம். சமமான முகத்தைப் பார்க்க எனக்கு ஷோரூம் பொம்மை ஞாபகம்தான் வருகிறது. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறையப் பேர் உண்டு, சண்டை வேண்டாம்.

என்னிடம் இருந்தது இங்கிலாந்தில் ஒரு சேகரிப்பாளர் வார்த்த கண்ணாடியிழை காஸ்டிங். பெயிண்ட் இல்லாத வெற்று உடம்பு. லண்டனிலிருந்து வந்தபோது என் மச்சான் தன் துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் இடம் ஒதுக்கிக் கொண்டுவந்தது. அந்தக் கோணல் அதில் அப்படியே இருந்தது.

ஆர்டர் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பினேன். 1977 படத்தின் ஹெல்மெட். இரட்டை நிறம். கன்மெட்டல் இருண்டதாக இருக்க வேண்டும், டாமியாவின் எக்ஸ்-10 அல்லது ஹம்ப்ரால் 53 என்ற பெயிண்ட் மாதிரி, வெள்ளி கூடாது. இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு கையால் தீட்டியது போல இருக்கட்டும், டேப் ஒட்டிக் கத்தியால் வெட்டியது போல வேண்டாம். வடிவத்தில் கை வைக்கக் கூடாது. கண் பகுதிக்குச் செந்தவிட்டு நிற லென்ஸ் தனியாக அனுப்பியிருக்கிறேன், அதைத்தான் மாட்ட வேண்டும். முதல் படத்தில் லென்ஸ் முழுக் கறுப்பு அல்ல, சிவப்பு கலந்த சாயம். 2016-ல் வந்த ‘ரோக் ஒன்’னில் அந்தச் சிவப்பைத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். இவ்வளவுக்கும் வந்த பதில் ஒரே வரி: “கவலையே படாதீங்க ப்ரோ, எனக்கு இதெல்லாம் அத்துப்படி.”

அவர் பக்கத்தில் போட்டிருந்த மாதிரிப் படங்கள் அருமையானவை. பின்னால் சந்தேகம் வந்து அவற்றைக் கூகிள் லென்ஸில் போட்டேன். மூன்று படங்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுடையவை. நெற்றியில் இருந்த அதே கீறல், பின்னால் அதே புத்தக அலமாரி, மூலையில் இருந்த பெயரை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். இன்னொரு படம் ஒரு கம்பெனி விற்கும் ஹெல்மெட்டின் விளம்பரப் படம். அவர் கையால் செய்த வேலை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தப் பக்கத்தில் ஒரு பைக் டேங்க் மட்டுமே. அது நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சொன்ன தேதி தாண்டியதும் மழையைக் காரணம் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது லாக்கர் வகை பெயிண்ட் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகி அந்த இடம் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். காத்திருங்கள் என்றால் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் வந்த ஹெல்மெட்டின் உச்சியில் அந்த வெளுப்பு திட்டுத்திட்டாக அப்படியே இருந்தது. அதாவது மழையைச் சொல்லி என்னைக் காக்க வைத்துவிட்டு, மழையிலேயே அடித்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்தபோது கண்ணில் பட்டவை: கன்மெட்டல் இருக்க வேண்டிய இடமெல்லாம் பளீரென்ற வெள்ளி. கோடுகள் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே நகல். எல்லாவற்றுக்கும் மேலே கனமான கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. வாய்ப்பகுதி வலையைக் கழற்றாமலே அடித்ததால் அதன் ஓட்டைகள் பாதி அடைத்துக் கிடந்தன. நான் அனுப்பிய லென்ஸைக் காணோம். பதிலுக்குப் பைக் ஹெல்மெட் வைசரை வெட்டியது போல ஒரு கறுப்புத் தகடு பசை போட்டு ஒட்டியிருந்தது.

இவற்றையெல்லாம் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். சரி செய்ய முடியாதது கன்னத்தில் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு கன்னமும் சமமாகிவிட்டன. கேட்டதற்கு, “ஒரு சைடு அமுங்கியிருந்துச்சு ப்ரோ, காஸ்டிங் டிஃபெக்ட். பட்டி போட்டு லெவல் பண்ணிட்டேன், அதுக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ்கூட பண்ணல” என்றார். எந்தக் கோணலுக்காக அந்தக் காஸ்டிங்கைத் தேடி வாங்கினேனோ, அதைப் பழுது என்று நினைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் பட்டி ஏற்றியதோடு நிற்கவில்லை, இன்னொரு பக்கம் விளிம்பைத் தேய்த்தும் இருக்கிறார். பட்டியை எடுக்கலாம். தேய்த்துப் போன கண்ணாடியிழை திரும்பி வராது.

அடுத்த வாரமே தாடைப் பக்கம் பெயிண்ட் கிளம்ப ஆரம்பித்தது. நகத்தால் இழுத்தால் தாள் தாளாக வந்தது. புதுப்பேட்டையில் பைக் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தப் படத்தையெல்லாம் அவர் பார்த்ததே இல்லை. உரிந்த துண்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தவர், “தம்பி, அடிப்பக்கம் எப்படி வழுவழுன்னு இருக்கு பாரு. மோல்டுல பூசுன மெழுகக் கழுவவே இல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் இல்ல, பிரைமரும் இல்ல. எது புடிக்கும்?” என்றார்.

கண்ணாடியிழையை அச்சிலிருந்து ஒட்டாமல் எடுக்க மெழுகு பூசுவார்கள், அதில் கொஞ்சம் பொருளின் மேலேயே தங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு நீக்கும் திரவத்தில் துடைத்து, 220, 400 என்ற எண்களில் வரும் உப்புத்தாள் போட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஊசித்துளைகளை மட்டும் பட்டி வைத்து அடைத்து, பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிறத்துக்கே போக வேண்டும். பைக் டேங்குக்கு அடிக்கிற எல்லோருக்கும் இரும்பில் இந்த ஒழுங்கு தெரியும். கண்ணாடியிழையில் மெழுகு இருக்கும் என்பது தெரியாமலே இவர் இறங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பெயிண்டைச் சுரண்டும் முன் ஒரு எச்சரிக்கை, இதே நிலையில் இருப்பவர்களுக்கு. கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரைக் கண்ணாடியிழை மேல் ஊற்றாதீர்கள். அதில் சில வகைகள் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசினையே தின்றுவிடும். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் பொறுமையாகத் தேய்ப்பதுதான் பாதுகாப்பு. தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர் கோட்டை வீட்டு மொட்டை மாடியில் சாதாரணத் துணி மாஸ்க்கோடு அடிப்பவர்களையும் பார்க்கிறேன். அதில் இருப்பது ஐசோசயனேட் என்ற, மூச்சுக்கு ஆபத்தான ரசாயனம், விளையாட வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. முதலில், “ஸ்கிரீன்ல இப்படித்தான் இருக்கும்” என்று ஒரு ஸ்டில் அனுப்பினார். பார்த்தால் 2005 படத்து ஹெல்மெட், இரண்டு பக்கமும் சமமாகச் செய்த அதே ஹெல்மெட். சர்ச்சையின் வேரே இதுதான். “ஸ்கிரீன் அக்யூரேட்” என்று சும்மா சொல்வதில் எந்த உறுதியும் கிடையாது. எந்தப் படம், அந்தப் படத்தின் எந்த ஹெல்மெட் என்று சொல்லாதவரை, எதை வேண்டுமானாலும் அடித்துக் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். நான் படத்தையும் வருடத்தையும் எழுதித்தான் அனுப்பியிருந்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை.

அப்புறம் மிரட்டல். “இது லைசென்ஸ் இல்லாத டூப்ளிகேட் சார். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா நீங்கதான் மாட்டுவீங்க.” இந்த வாக்கியத்தைக் கேட்டுப் பயந்து பின்வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. என் புகார் ஹெல்மெட்டின் உரிமை பற்றியதே அல்ல. காசு வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட பெயிண்ட் வேலையைச் செய்யாதது சேவைக் குறைபாடு. அதைக் கேட்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போதும். கடைக்காரர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அங்கிருந்து அழைப்பு போனதுமே நாலாயிரம் ரூபாய் திருப்பித் தருவதாக அவரிடமிருந்து செய்தி வந்தது. ஒப்புக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அனுப்பும் முன் எடுத்த படங்கள், பெட்டியைத் திறக்கும் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட ஆணையத்துக்குப் போகிறேன்.

நீங்கள் யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், வீடியோ கால் போட்டு அவர் செய்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியவர் ஒருவரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பிரைமர் அடித்த நிலையில் ஒரு படம், முதல் நிறம் அடித்த நிலையில் ஒரு படம், அதைப் பார்த்து நீங்கள் சரி சொன்ன பிறகே அடுத்த தவணை என்று பேசுங்கள். உண்மையான வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். எனக்குத் தெரிந்த நல்ல பெயிண்டர்கள் இரண்டு பேர், பேச்சை எடுத்ததுமே “எந்தப் படத்து வேடர்?” என்று அவர்களாகவே கேட்டார்கள். பிளாஸ்டிக் தட்டில் கன்மெட்டலை அடித்து வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பவும் செய்தார்கள்.

இவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு இன்னும் ஹெல்மெட்டை அனுப்பாதவர்கள் யாராவது இருந்தால், அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஹெல்மெட்டில் செந்தவிட்டு நிற லென்ஸ் மாட்டித் தந்திருந்தால் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். மார்க்கரில் ‘இ’, ‘வ’ என்று எழுதியிருந்தால் அது என்னுடையது. தபால் செலவு நான் தருகிறேன்.