என்சைம் சலவைப் பவுடர்: வேட்டிக்கு லாபம், அவசரக்காரர்களுக்கு நஷ்டம்

வெள்ளை வேட்டி தினமும் கட்டுகிற வீட்டுக்கு இந்தப் பவுடர் கண்டிப்பாக லாபம். வாளியில் போட்ட கையோடு எடுத்துக் கும்மி, அலசி, கொடியில் போட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும் என்கிறவர்களுக்குச் சாதாரணப் பவுடரே போதும், கூடுதல் காசு கொடுப்பது தண்டம். ஐந்துக்கு மூன்றரை போடுவேன். மீதி ஒன்றரையைக் குறைத்தது பவுடருக்காக இல்லை, பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கிறதற்கும் எழுதாமல் விட்டதற்கும்.

கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கு இப்போது பல பெயரில், பல கலர் உறையில் வருகிறது. உறையைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். புரோட்டியேஸ், அமைலேஸ், லைபேஸ் என்று மூன்று என்சைம்களும் இருந்தால் கீழே சொல்வது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். நான் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் வாங்கியதில் பருத்தி நாரை வெட்டும் செல்லுலேஸும் இருந்தது. “சார், இதப் போட்டா கையே வைக்காண்டாம், அதுவே கறையத் தின்னுரும்” என்றார் கடை அண்ணாச்சி. முக்கால்வாசி உண்மை. ஆனால் எந்தக் கறையை, எவ்வளவு நேரத்தில், எந்தச் சூட்டில் தின்னும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதை அண்ணாச்சியும் சொல்லவில்லை, உறையும் சொல்லவில்லை.

சோப்பு செய்யும் வேலை வேறு, என்சைம் செய்யும் வேலை வேறு. சோப்பு கறையைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரில் மிதக்க விடும், அவ்வளவுதான். என்சைம் என்பது ஒரு புரதம். அது கறையில் உள்ள பெரிய மூலக்கூறைப் பிடித்து, குறிப்பிட்ட இணைப்பில் வெட்டி, துண்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போய்விடும். வெட்டுவதால் அது செலவாவதில்லை; அதே மூலக்கூறு திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பவுடரில் துளியூண்டு என்சைம் இருந்தாலும் போதுமானதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும்தான் செய்யும். புரோட்டியேஸ் புரதத்தை, அமைலேஸ் மாவுச்சத்தை, லைபேஸ் கொழுப்பை. ஒன்றின் வேலையை இன்னொன்று தொடாது. என்சைமின் வடிவத்துக்குப் பொருந்துகிற பொருள்தான் அதில் போய் உட்கார முடியும் என்பதைப் பூட்டு, சாவி என்று 1894-இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்னார். பூட்டும் கொஞ்சம் வளைந்து கொடுத்துத்தான் சாவியைப் பிடிக்கிறது என்று 1958-இல் கோஷ்லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதைத் திருத்தினார்.

இதற்கு நம்ம ஊர்க் கறையைவிட நல்ல பரீட்சை கிடையாது. மறுவீட்டு விருந்தில் சொதி ஊற்றும்போது இலையோரம் வழிந்து மடியில் இறங்காத வேட்டி உண்டா? அப்படி ஒன்று என்னிடமும் வந்தது. சொதியில் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு. அதாவது கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றும் ஒரே இடத்தில். காய்ந்த பிறகு அந்த இடம் கஞ்சி போட்டதுபோல் விறைத்து, நடுவில் வெளுத்து, சுற்றிலும் எண்ணெய் ஒரு வளையமாகப் பரவியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பவுடரைக் கரைத்து, வேட்டியை முக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். விறைப்பு போய் அந்த இடம் வழவழவென்று இருந்தது. விரலால் லேசாகத் தேய்த்ததும் நடுப்பகுதி கரைந்து போனது. வளையம் மட்டும் மங்கலாக நின்றது. காய்ந்த பிறகும் வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரிந்தது. அடுத்த துவைப்பில் அதுவும் இல்லை.

இந்த இரண்டாம் துவைப்பு விஷயம் தற்செயல் இல்லை. லைபேஸ் நிறையத் தண்ணீருக்குள் இருக்கும்போது மந்தமாகத்தான் வேலை செய்யும். துணியில் ஒட்டிக்கொண்ட லைபேஸ், துணி காய்ந்து ஈரம் குறையும்போதுதான் கொழுப்பை நன்றாக உடைக்கும், உடைத்தது அடுத்த முறை துவைக்கும்போது வெளியேறும். 1988-இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் லைப்போலேஸ் என்ற பெயரில் சலவை லைபேஸைக் கொண்டு வந்தபோதே இந்தக் குணம் தெரிந்திருந்தது. ஆகவே இருட்டுக்கடை அல்வாவின் நெய் சொட்டிய சட்டைப் பையை ஒரு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு “ஏமாத்திட்டான்” என்று ஒரு நட்சத்திரம் போடாதீர்கள். மொட்டைமாடி உச்சி வெயிலில் சடசடவென்று காய்வதைவிட நிழலில் மெதுவாகக் காயும் துணியில் நெய்க்கறை இன்னும் நன்றாகப் போகிறது என்பது என் அபிப்பிராயம், சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்தது சூடு. பத்து டிகிரி கூடினால் என்சைமின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதற்காகக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் ஆள் காலி. என்சைம் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்து கிடக்கும் புரதம். சூடு அதிகமானால் மடிப்பு அவிழ்ந்துவிடும், அவித்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாத மாதிரி அதுவும் திரும்பாது. சலவைக்கான பெரும்பாலான என்சைம்களுக்கு 30 முதல் 60 டிகிரி வரை சௌகரியம். வெள்ளாவி வைக்கிறவர்களுக்கு இந்தப் பவுடரால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அங்கே வேலை நடப்பதே ஆவியாலும் உவர்மண்ணின் காரத்தாலும்.

இதில் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். மே மாதம் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது சுடுகிறது என்று திட்டுகிறோம் அல்லவா, அந்தத் தண்ணீர்தான் இதற்குச் சரியான தண்ணீர். கை பொறுக்கிற சூடு. ஹீட்டர் செலவில்லை. காலையில் போர்த் தண்ணீரைப் பிடித்து ஊற வைப்பதைவிட, இரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீரில் ஊற வைத்தால் காலர் அழுக்கு எடுப்பதில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. காலர் அழுக்கு என்பது உதிர்ந்த தோலும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும், அதாவது புரதமும் கொழுப்பும். பிரஷ் போட்டு நூலைக் கிழிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஒரே ஒரு விதிவிலக்கு ரத்தக்கறை. அதை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் இதில் போட வேண்டும், சூடு பட்டால் ரத்தப் புரதம் உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும்.

நேரத்துக்கு வருகிறேன். எங்கள் ஆச்சிக்கு இந்தப் பவுடரே பிடிக்கவில்லை, காரணம் அழுக்கு போகாதது இல்லை. “தண்ணியில ஊறப் போட்டுட்டு சும்மா இருக்கதுக்குப் பேரு துவைக்கதாலே?” என்கிறாள். என்ன செய்ய, இதில் சும்மா இருப்பதுதான் துவைப்பதில் பாதி. வெட்டுவதற்கு நேரம் வேண்டும். கறை நிறைய, என்சைம் கொஞ்சம் என்றால், ஒவ்வொரு என்சைமும் ஏற்கெனவே கைநிறைய வேலையோடு இருக்கும், அதற்கு மேல் வேகம் கூடாது. இந்தக் கணக்கை 1913-இல் மைக்கேலிஸ், மென்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதி வைத்தார்கள். மறுபக்கம், ஸ்பூன் ஸ்பூனாகப் பவுடரை அள்ளிப் போட்டாலும் கறையின் மேல் உட்கார இடம் தீர்ந்த பிறகு மிச்சமெல்லாம் வெறும் நுரை, அலசவே இரண்டு வாளித் தண்ணீர் கூட வேண்டும். அரை மணி குறைந்தபட்சம், ஒரு மணி உத்தமம்.

அந்த ஊறும் நேரத்தில் வாளிக்குள் வேறு எதையும் கொட்டாமல் இருப்பது முக்கியம். பளிச்சென்று வரட்டும் என்று பிளீச்சிங் தண்ணீர் ஒரு மூடி ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது என்சைமை அப்படியே சாகடித்துவிடும். சலவைப் புரோட்டியேஸில் பெரும்பாலானது சப்டிலிசின் வகை; அது வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது, பெராக்சைடு மாதிரி வெளுக்கும் பொருள் அதைத் தாக்கினால் என்சைம் முடங்கிவிடும். அந்த ஒரே ஒரு அமினோ அமிலத்தை வேறொன்றாக மாற்றி, தாக்குப்பிடிக்கும் சப்டிலிசினை 1985-இல் அமெரிக்காவில் செய்து காட்டினார்கள். அப்படியும் வாளியில் பிளீச்சிங் தண்ணீரை நேராக ஊற்றுவதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். வெள்ளை வேண்டுமென்றால் முதலில் இதில் ஊற வைத்து, அலசி, அப்புறம் தனியாகச் செய்யுங்கள். எலுமிச்சம்பழம், வினிகர் போடுகிற யூடியூப் வைத்தியமும் இதோடு சேராது. ஒவ்வொரு என்சைமுக்கும் பிடித்த புளிப்பு (அமிலம்), காரம் (அமிலத்துக்கு எதிர்க் குணம்) உண்டு. நம் வயிற்றிலுள்ள பெப்சின் கடும் புளிப்பில் வேலை செய்யும், குடலுக்கு வரும் டிரிப்சின் லேசான காரத்தில். சலவை என்சைம்கள் காரமான சோப்புத் தண்ணீருக்கென்றே தேர்ந்தெடுத்தவை, புளிப்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சரி, போகாத கறை. மஞ்சள் போகாது. அதன் நிறப்பொருளான குர்க்குமின் புரதமும் இல்லை, மாவும் இல்லை, கொழுப்பும் இல்லை. என்சைமுக்கு அதில் வேலையே கிடையாது. சோப்புக் காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும், பயப்படாமல் அலசி வெயிலில் போடுங்கள், வெயில் பார்த்துக்கொள்ளும். வெற்றிலைக் கறையும் போகாது. வாழைக்கறை, ம்ஹூம். இதில் வேடிக்கை என்னவென்றால் வாழைக்கறை கறுப்பதே ஒரு என்சைமால்தான். தார் வெட்டும்போது சட்டையில் தெறிக்கும் பால் முதலில் நிறமே இல்லாமல் இருக்கும். அதிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் காற்றோடு சேர்ந்து ஃபீனால்களை மாற்றி, அவை ஒன்றோடொன்று கோர்த்துக் கறுப்பாக நூலில் ஏறிவிடும். வாழைத்தண்டும் வாழைக்காயும் நறுக்கினதும் மோர்த் தண்ணீரில் போடுகிறோமே, அது இந்த என்சைமைப் புளிப்பால் அடக்கி வைக்கத்தான். அதனால் கறை கறுப்பதற்கு முன்னால், தெறித்த உடனேயே அலசினால் உண்டு. கறுத்த பிறகு எந்தப் பாக்கெட் வாங்கினாலும் சட்டையைத் தோட்டத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

பருத்தியைத் தின்னாதா என்று செல்லுலேஸைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: நூல்மேல் எழும்பி நிற்கும் பஞ்சு போன்ற இழைகளைத்தான் அது கத்தரிக்கும், பழைய வேட்டி கொஞ்சம் வழவழப்பாகத் தெரிவது அதனால்தான். பட்டும் கம்பளியும் கதை வேறு. இரண்டுமே புரதம். புரோட்டியேஸுக்குக் கறைப் புரதம், பட்டுப் புரதம் என்கிற பாகுபாடு தெரியாது. கல்யாணப் பட்டு வேட்டியை இதில் ஊற வைக்காதீர்கள். உறையில் இந்த எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் பூதக்கண்ணாடி வேண்டும். அரை நட்சத்திரம் அதற்கே போனது.

சைவ வீடுகளில் இன்னொரு கேள்வி வரும், எங்கள் வீட்டிலும் வந்தது: இது எதிலிருந்து எடுக்கிறார்கள்? ஆரம்பத்தில் விலங்கிலிருந்துதான். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் 1913-இல் காப்புரிமை வாங்கியது, வெட்டப்பட்ட விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த என்சைமை வைத்து. இப்போது அப்படி இல்லை. பேசில்லஸ் போன்ற பாக்டீரியாவையும் பூஞ்சையையும் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவை வெளியே விடும் என்சைமை வடிகட்டி எடுக்கிறார்கள். பவுடரில் மணிமணியாக இருப்பதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1960-களின் கடைசியில் இந்தத் தொழிற்சாலைகளில் என்சைம் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்தது, அதன் பிறகுதான் மேல்பூச்சு போட்டு உருட்டினார்கள். கையால் துவைக்கிறவர்கள் கையுறை போடுவது நல்லது, எனக்கு நீண்ட நேரம் கை வைத்தால் விரல் இடுக்கு வறண்டு அரிக்கிறது. உறையில் மெஷின் படம் மட்டும் போட்டு, வாளியில் துவைக்கிற பாதி ஊரை மறந்துவிட்டார்கள். இன்னொரு அரை. தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு எண்கூட இல்லை. கடைசி அரை அங்கே.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். கடை வாசலில் வெயில் படுகிற மாதிரி தோரணமாகத் தொங்கவிட்ட பாக்கெட்டை எடுக்காதீர்கள், உள்ளே நிழலில் இருப்பதைக் கேளுங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் உறைக்குள்ளேயே என்சைம் பலம் குறையும், மணமும் நுரையும் மட்டும் அப்படியே இருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் பெரிய பாக்கெட் வாங்கிப் பிரித்து வைத்தால் கட்டிதட்டிவிடும். அரைக் கிலோவாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் போட்டு, ஈரக் கரண்டியை உள்ளே விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.