சால்கா நாற்காலி: கட்டுகிற சந்தாவுக்குத் தாங்குமா?

நம்ம ஏரியா கவுன்சிலர் உள்ளாட்சிகளின் சங்கமான சால்காவின் மாகாண நிர்வாகக் குழுவுக்குத் தேர்வாகிவிட்டார் என்று டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலோ டோங்காட்டிலோ வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், முதல் பத்துப் பதில்கள் வாழ்த்தாக இருக்கும். பதினோராவது: “அப்போ இனிமே தண்ணி ஒழுங்கா வருமா?” வராது. அந்த நாற்காலிக்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. குழாயில் வரும் தண்ணீரின் விலைக்கும் நகராட்சி ஊழியரின் சம்பள உயர்வுக்கும் சம்பந்தம் உண்டு. அதுவும் ஆண்டில் குறிப்பிட்ட சில வாரங்களில்தான். அந்த வாரங்களைக் கோட்டை விட்டால் மாநாட்டுப் பையும் கழுத்தில் தொங்கிய அட்டையும்தான் மிச்சம்.

சால்கா என்பது தென்னாப்பிரிக்க உள்ளாட்சிச் சங்கம். 1996-இல் தொடங்கியது. அரசியல் சாசனத்தின் 163ஆம் பிரிவும், 1997ஆம் ஆண்டின் 52ஆம் எண் சட்டமும் அதற்கு அங்கீகாரம் கொடுக்கின்றன. நாட்டில் உள்ள 257 உள்ளாட்சிகளும் (8 மாநகராட்சி, 44 மாவட்டம், 205 உள்ளூர் நகராட்சி) அதில் உறுப்பினர்கள். நம்ம மாகாணமான குவாசூலு-நட்டாலில் மட்டும் 54: எத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சி, 10 மாவட்டங்கள், 43 உள்ளூர் நகராட்சிகள். சேர்வது கட்டாயமில்லை. ஆனாலும் யாரும் வெளியே நிற்கவில்லை, ஏனென்றால் வெளியே நிற்பவருக்காகப் பேச வேறு ஆள் கிடையாது. சங்கத்தின் வருமானத்தில் பெரும்பங்கு நகராட்சிகள் கட்டும் சந்தா. நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. மாதாமாதம் வரி பில் கட்டுகிறவர்தான் இதன் வாடிக்கையாளர், ஆகவே மதிப்பெண் போடும் உரிமையும் அவருக்கு உண்டு.

தேசிய நிர்வாகக் குழு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்றாக ஒன்பது. உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு நடக்கும் மாநாட்டில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியிட நடப்புக் கவுன்சிலராக இருக்க வேண்டும். கவுன்சிலர் பதவி போனால் இந்த நாற்காலியும் போகும்.

முதலில் சம்பளம், ஏனென்றால் பணம் அதிகம் புழங்கும் இடம் அதுதான். உள்ளாட்சிக்கான பேரப் பேச்சுக் கவுன்சிலில் முதலாளி தரப்பில் உட்காருவது சால்கா ஒன்றுதான். எதிரே சாம்வு, இமாட்டு என்ற இரண்டு தொழிற்சங்கங்கள். அங்கே போடும் கையெழுத்து நாட்டின் எல்லா நகராட்சிகளையும் கட்டும். 2021-இல் போட்ட மூன்றாண்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் ஆண்டு 3.5 சதவீதம், அடுத்து 4.9, அதற்கடுத்து 5.4. கேட்கும்போது சின்ன எண்களாகத்தான் தெரியும். ஆண்டுச் சம்பளச் செலவு 10 கோடி ரேண்ட் உள்ள ஒரு நகராட்சியை வைத்துக் கணக்குப் போட்டால் முதல் ஆண்டு 10.35 கோடி, இரண்டாம் ஆண்டு 10.86 கோடி, மூன்றாம் ஆண்டு 11.44 கோடி. ஒரு ஆளைக்கூடப் புதிதாக எடுக்காமல், ஆண்டுக்கு 1.44 கோடி ரேண்ட் கூடுதல் சுமை. டர்பன் போன்ற மாநகராட்சி அதைத் தாங்கும். வரி வசூல் பாதியில் நிற்கும் சின்ன ஊருக்கு, அது குப்பை லாரிக்கு ஒதுக்கிய பணம்.

இங்கே என்ன தவறுகிறது? பேச்சு தொடங்குவதற்கு முன், எவ்வளவு வரை ஒப்புக்கொள்ளலாம் என்று உறுப்பினர்களிடம் சங்கம் கேட்கும். அதுதான் ஆணை வாங்கும் கட்டம். நகராட்சியின் நிதித் தலைவர் தன் சம்பளச் செலவு, வசூல் விகிதம், கடன்காரர்களுக்குப் பாக்கி ஆகிய மூன்றையும் போட்டு, கவுன்சில் தீர்மானத்தோடு எழுத்தில் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் போகாமலே இருந்துவிட்டால், அல்லது ‘நிலைமை கஷ்டம்’ என்று ஒற்றை வரியில் போனால், மேசையில் உட்காருபவர் கையில் ஒன்றும் இருக்காது. கையெழுத்தான பிறகு விலக்குக் கேட்டு மனுப் போட வழி உண்டுதான். 2023-இல் ட்ஷ்வானே மாநகராட்சி 5.4 சதவீதத்துக்கு விலக்குக் கேட்டுப் போனது. கூடவே வந்தது வேலைநிறுத்தம். பெரிய மாநகராட்சிக்கே அந்தப் பாடு. 2024-இல் போட்ட ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. அதாவது அடுத்த தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள் தாங்கள் பேசாத பேரத்துக்குப் பணம் கட்டுவார்கள். இந்த வேலைக்கு ஐந்தில் இரண்டரை. பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கணக்கைக் கையில் கொடுத்து அனுப்பும் ஊர்கள் குறைவு.

அடுத்தது மொத்த விலை. இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றாமலே. எத்தெக்வினிக்கு மொத்தத் தண்ணீர் விற்பது உம்கெனி-உதுகேலா நீர் வாரியம், மின்சாரம் விற்பது எஸ்காம். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 42ஆம் பிரிவு, இப்படிச் சொல்கிறது: மொத்த விலையை ஏற்ற நினைக்கும் அரசு நிறுவனம், முதலில் தேசியக் கருவூலத்திடமும் ஒருங்கிணைந்த உள்ளாட்சி அமைப்பிடமும், அதாவது சால்காவிடம், எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு மார்ச் 15-க்குள் நாடாளுமன்றத்தில் வைத்தால் அந்த ஜூலை 1 முதல் புது விலை. தேதி தவறினால், நிதியமைச்சர் விதிவிலக்குக் கொடுக்காதவரை, அடுத்த ஆண்டு ஜூலைதான்.

இப்போது நகராட்சியின் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைவு பட்ஜெட் மார்ச் கடைசியில் கவுன்சிலுக்கு வரும். பொதுமக்கள் கருத்து ஏப்ரல், மே மாதங்களில். மே முடிவதற்குள் ஒப்புதல். சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் மண்டபம் நிறைய ஆள் சேர்ந்து ‘தண்ணீர் விலையைக் குறை’ என்று முழங்குவது ஏப்ரலில். அதற்குள் மொத்த விலை நாடாளுமன்றம் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். கூட்டத்தில் குறைக்க மிச்சம் இருப்பது நகராட்சி தன் பங்குக்கு மேலே வைக்கும் தொகை மட்டும். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான். மொத்த விலையில் கை வைக்க வேண்டுமானால், முந்தின ஆண்டுக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சால்கா எழுதும் அந்தக் கருத்துக் கடிதத்தில் உங்கள் ஊர்க் கணக்கு இடம்பெற வேண்டும். மாகாணக் குழுவில் ஆள் இருப்பதன் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான்.

நல்ல கருத்துக் கடிதம் எப்படி இருக்கும்? வாரியத்தின் செலவை மின்சாரம், ரசாயனம், சம்பளம், கடன் வட்டி, புதுக் கட்டுமானம் என்று பிரித்துக் கேட்கும். எந்தத் தலைப்பு பணவீக்கத்தைத் தாண்டி ஏறியிருக்கிறது, ஏன் என்று கேட்கும். போன ஆண்டு வாக்குக் கொடுத்த கட்டுமான வேலை முடிந்ததா என்றும் கேட்கும். கெட்ட கடிதம் ‘மக்கள் சிரமப்படுகிறார்கள்’ என்று தொடங்கி அங்கேயே முடியும். நம் பக்கத்திலும் ஓட்டை உண்டு, ஒளிப்பானேன். எத்தெக்வினி வாங்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராமல் போகிறது. ‘முதலில் குழாயை அடைத்துவிட்டு வாருங்கள்’ என்று விற்பவர் சொன்னால், குழுவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

மின்சாரத்தில் ஒரு நுணுக்கம். எஸ்காமின் நேரடி வாடிக்கையாளருக்கு உயர்வு ஏப்ரல் 1-இல், நகராட்சிகளுக்கு ஜூலை 1-இல். 2025-இல் நகராட்சிகளுக்கு விதித்த மொத்த விலை உயர்வு 11.32 சதவீதம். உங்கள் பில்லில் ஏறியது இதைவிட அதிகமா குறைவா என்று பாருங்கள். வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியது சால்கா அல்ல, நகராட்சி.

பட்ஜெட் மன்றம் என்று ஒன்று உண்டு. நிதியமைச்சர், மாகாண நிதி அமைச்சர்கள், சால்காவின் தேசிய அமைப்பிலிருந்து ஐவர், மாகாணத்துக்கு ஒருவர். மத்திய வருவாயில் உள்ளாட்சிக்கு எவ்வளவு என்ற பேச்சு அங்கே நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். உட்காரும் ஆளுக்குப் பங்கீட்டுச் சூத்திரம் புரியாவிட்டால் அந்த ஒரு நாளும் தேநீரோடு போகும்.

நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய அவையில் சால்காவுக்குப் பத்து இடங்கள். பேசலாம், ஓட்டுப் போட முடியாது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் இந்தியர் பகுதிகளில் உள்ளூர் விவகாரக் குழுக்கள் என்று வைத்திருந்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இது பழைய கசப்பைக் கிளறும்: ஆலோசனை சொல்லலாம், முடிவு வேறெங்கோ. ஒப்பீடு முழுக்க நியாயமில்லை. அந்தக் குழுக்களை மக்கள் கேட்டு வாங்கவில்லை. இந்தப் பத்துப் பேர் மக்கள் ஓட்டில் வந்த கவுன்சிலர்கள். தவிர, ஒரு நகராட்சியை மாகாண அரசு அரசியல் சாசனத்தின் 139ஆம் பிரிவின்கீழ் கையில் எடுக்கும்போது அந்த விவகாரம் இதே அவைக்குத்தான் வரும். அங்கே ஊரின் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஆள் இருப்பது ஓட்டு இல்லாமலும் உதவும்.

பயிற்சி பற்றி நீட்ட வேண்டியதில்லை. தேர்தல் முடிந்ததும் புதுக் கவுன்சிலர்களுக்கு அறிமுக வகுப்பு நடத்துகிறார்கள், பாடம் நன்றாகவே இருக்கிறது. 2023-24 தணிக்கையில் 257-இல் 41 உள்ளாட்சிகள்தான் மாசில்லாத அறிக்கை பெற்றன. வகுப்பு எடுத்தவர்களை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது, கேட்டவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சேவையின் பெரிய குறை வேறு. சால்கா நாற்காலி ஏணியாகிவிட்டது. தேசியத் தலைவராக இருந்த பார்க்ஸ் டாவ் 2019-இல் உள்ளாட்சித் துறைத் துணை அமைச்சரானார். அவருக்குப் பின் வந்த தெம்பி ந்காடிமெங் 2021-இல் அதே துறையில் துணை அமைச்சர், 2023-இல் அமைச்சர். குவாசூலு-நட்டால் சால்காவின் தலைவராக இருந்த தாமி ந்துலி 2024 ஜூனில் மாகாண முதல்வரானார். உள்ளாட்சியின் வலி தெரிந்தவர் அமைச்சரவையில் உட்காருவது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். ஆனால் பேரம் பேசக் கற்றுக்கொண்ட ஆள், எதிர் மேசைக்குப் போய்விடுகிறார். புதிதாக வருபவர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து. கூட்டணி கவிழ்ந்து மேயர்கள் மாறும் கவுன்சில்களில் இந்த ஓட்டம் இன்னும் வேகம்.

கூடவே ஒரு சின்னக் கண்ணி. கவுன்சிலர்களுக்கான நடத்தை விதிப்படி (இப்போது அது நகராட்சிக் கட்டமைப்புச் சட்டத்தின் 7ஆம் அட்டவணை) விடுப்பு வாங்காமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத கவுன்சிலரை நீக்கியாக வேண்டும். சால்கா வேலையாகப் பிரிட்டோரியா போனேன் என்பது தானாக விடுப்பு ஆகாது. ஸ்பீக்கரிடம் எழுத்தில் வாங்கி வைக்கத் தெரியாதவரை மாகாணக் குழுவுக்கு அனுப்புவது ஆபத்து.

உங்கள் ஊர் இந்தச் சந்தாவுக்கு ஏதாவது வாங்குகிறதா என்று பார்க்க, ஸ்பீக்கர் அலுவலகத்தில் மூன்று தாள் கேளுங்கள். பிரதிநிதியை நியமித்த கவுன்சில் தீர்மானம். அவர் திரும்பி வந்து கவுன்சிலில் வைத்த அறிக்கை. கடைசியாகச் சம்பளத்துக்கும் மொத்த விலைக்கும் நகராட்சி சால்காவுக்கு எழுதி அனுப்பிய கருத்து. முதல் தாள் எல்லா இடத்திலும் கிடைக்கும், இரண்டாவது சில இடத்தில். மூன்றாவதைக் கேட்டால்தான் தெரியும் சங்கதி. கொடுக்க மறுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி படிவம் 2 நிரப்பிக் கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘சால்கா சம்பந்தப்பட்ட எல்லாக் கடிதங்களும்’ என்று எழுதினால் வேலை கெட்டது. மிக அதிகம் என்று தள்ளிவிடுவார்கள். எந்த நிதியாண்டு, எந்த விலை உயர்வு, எந்தத் தேதிக்குள் அனுப்பியது என்று ஒரே தாளைக் குறிவைத்துக் கேளுங்கள். கவுன்சிலின் பொது நிகழ்ச்சி நிரலில் வைத்த அறிக்கை என்றால் படிவமே வேண்டாம், அந்தக் கூட்டத்தின் தேதி போதும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. பொருள் தரமானது, பயன்படுத்தும் முறையை வாங்கியவர் படிப்பதில்லை.

இப்போதைய கவுன்சில்கள் 2021 நவம்பர் 1-இல் தேர்வானவை. அடுத்த தேர்தல் 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் நடுவில் வந்தாக வேண்டும், பின்னாலேயே சால்கா மாநாடுகள். புது ஆட்கள் நாற்காலியில் உட்காரும் நேரத்துக்குள் 2027-இன் மொத்த விலைக்கான கருத்துக் கடிதம் பாதி எழுதியாகியிருக்கும். எனவே வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, மார்ச் 15 என்ன நாள் என்று கேட்டுப் பாருங்கள்.