தக்காளிக்குத் துணையாகச் செண்டுமல்லி: சில பட்டங்கள் வைத்துப் பார்த்தபின்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் அக்கா ஒருவர் கொல்லையில் தக்காளி போடப்போகிறாராம். "செண்டுமல்லி ரெண்டு நட்டுட்டா புழுவே வராதாமே தம்பி, நிஜமா?" என்று கேட்டார். வாசலில் நின்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டிலும் தக்காளி, வெண்டை, மிளகாய்க்குத் துணைப்பயிர் போட்டுத்தான் சில வருஷமாகப் பாத்தி பிரிக்கிறேன். துணைப்பயிர் என்றால், முக்கியப் பயிருக்கு உதவியாக அதன் பக்கத்தில் போடுகிற வேறொரு பயிர்.

செண்டுமல்லி வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு முட்டை வைக்கத் தக்காளியைவிடச் செண்டுமல்லிப் பூ பிடிக்கும். காலையில் ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். இதழுக்கு அடியில் எச்சம் பொடிப்பொடியாகக் கிடக்கும், அதற்குள் பச்சைப் புழு ஒன்று தலையைப் புதைத்துக்கொண்டு இருக்கும். இதே புழு பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தக்காளியைக் குடைவதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு, அது பூவில் மாட்டிக்கிடப்பதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதி புரியும். பூவோடு பறித்துக் கோழிக்குப் போட்டால் தீர்ந்தது. பறிக்காமல் அழகுக்கு விட்டுவைத்தால் மட்டும் புழு அங்கேயே வளர்ந்து, அடுத்த தலைமுறை தக்காளிக்கு வந்துவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது, "பக்கத்தில் வை" என்று சொல்கிற யாரும் எப்போது வைக்க வேண்டும் என்று சொல்லாததில்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவாகவே இருக்கிறது: 40 நாள் வயதான நெட்டைச் செண்டுமல்லி நாற்றும் 25 நாள் வயதான தக்காளி நாற்றும் ஒரே சமயத்தில் நடவு, 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. அந்த 15 நாள் வித்தியாசத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. தக்காளி பூக்கிற நேரத்தில் செண்டுமல்லியும் பூத்திருந்தால்தான் அந்துப்பூச்சி அந்தப் பக்கம் போகும். எங்கள் ஊர் நர்சரியில் முன்பு வாங்கிய குட்டை ரகம், கவரிலேயே பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. "செடிக்கு ஒண்ணு வைங்க, போதும்" என்றார் கடைக்காரர். தக்காளியில் பிஞ்சு பிடிக்கிறபோது அது பூத்து ஓய்ந்து விதைக்குப் போயிருந்தது. இப்போதெல்லாம் விதை வாங்கி நானே நாற்று விட்டுக்கொள்கிறேன்.

வேர்முடிச்சு நூற்புழுவை (மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத புழு) செண்டுமல்லி விரட்டும் என்பதும் இதே மாதிரி அரைகுறையாகச் சொல்லப்படுகிற உண்மைதான். அதன் வேரில் இருக்கிற ஒரு வேதிப்பொருள் நூற்புழுவைக் கொல்லும், சரி. ஆனால் அதற்கு அந்தப் பாத்தி முழுக்கச் செண்டுமல்லியையே நெருக்கமாகப் போட்டு இரண்டு மூன்று மாதம் விட்டு, அப்படியே மடக்கி உழுதுவிட்டு, பிறகு தக்காளி வைக்க வேண்டும். வேரெல்லாம் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கிடக்கிற தக்காளிக்குப் பக்கத்தில் ஒற்றைச் செடியைக் கொண்டுபோய் நட்டால் ஒன்றும் ஆகாது.

அப்புறம் அந்த அட்டவணைகள். ஒரு பக்கம் நண்பர்கள், மறுபக்கம் எதிரிகள் என்று கலர் கலராகப் படம் போட்டு எல்லாரும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் குளிர்தேசத்துக்காரர்கள் அவர்கள் மண்ணுக்கு எழுதியது. கேரட்டையும் தக்காளியையும் ஜோடி சேர்க்கிற அட்டவணையை வைத்துக்கொண்டு சமவெளியில் நான் என்ன செய்ய? நமக்குக் கேரட் ஊட்டியிலிருந்து வருகிறது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டுக்குள் சின்ன வெங்காயமும் ஓரத்தில் ஆமணக்கும் போடுகிறார்களே, அதைப் போய்ப் பார்த்தால் பத்து அட்டவணைக்குச் சமம். மஞ்சள் தழைந்து மூடுவதற்குள் வெங்காயம் வீட்டுக்கு வந்துவிடும், இலையைத் தின்கிற புரோட்டீனியாப் புழுவின் தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் கூட்டமாக முட்டை வைக்கும், இலையோடு கிள்ளி அழித்துவிடலாம்.

எதிர்பாராமல் எனக்குப் பிடித்துப்போனது தட்டைப்பயறு. வெண்டைப் பாத்தியின் ஓரத்தில் ஊன்றினால் போதும், கொழுந்திலும் பிஞ்சிலும் சாறு உறிஞ்சுகிற கருப்பு அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். பார்க்கவே அருவருப்பாக இருக்கும், மருந்தை எடுக்கச் சொல்லிக் கை பரபரக்கும். எடுக்கக்கூடாது. கொஞ்ச நாளில் பொறிவண்டு வந்து சேரும், மஞ்சளாக நிமிர்ந்து நிற்கிற அதன் முட்டைகள் இலைக்கடியில் கொத்துக் கொத்தாகத் தெரியும். பிறகு வருகிற குஞ்சுப் புழு, கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி இருக்கும். இதைப் பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்கள்தான் அதிகம், தயவுசெய்து நசுக்காதீர்கள், அசுவினியை வளர்ந்த வண்டுக்கு ஈடாகத் தின்பது அதுதான். தட்டைப்பயறில் ஏறுகிற அசுவினி வேறு, வெண்டைக்கு வருகிற அசுவினி வேறு என்பதால் இங்கிருந்து அங்கே பரவுமோ என்ற பயம் அவ்வளவாக வேண்டாம். பொறிவண்டு இரண்டையும் தின்னும். பக்கத்தில் அவரையோ நிலக்கடலையோ இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், அதே கருப்பு அசுவினிதான் அவற்றுக்கும் வரும். இவ்வளவுக்கும் மேலே காயும் கிடைக்கிறது, பொரியலுக்கு ஆகிறது.

மறுபடி செண்டுமல்லிக்கு வருகிறேன், ஏனென்றால் என் கோபம் இன்னும் ஆறவில்லை. பங்குனி வெயில் ஏற ஏற, இலையில் சாறு உறிஞ்சுகிற பொடிப் பூச்சியான செம்பேனுக்குச் செண்டுமல்லியைப்போல ஒரு வீடு கிடையாது. முதலில் இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் தெரியும். இலையை ஒரு வெள்ளைத்தாள் மேல் தட்டினால் தூசி விழுந்த மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் அந்தத் தூசி நகரும். நாலு நாள் கவனிக்காவிட்டால் பூவைச் சுற்றி நூலாம்படை கட்டிவிடும். அங்கிருந்து தக்காளிக்கும் வெண்டைக்கும் கத்தரிக்கும் இறங்கும். இலைக்கடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன், வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்தேன். குறைந்தது, போகவில்லை. காய்ப்புழுவைப் பறித்துப் போட்டுவிடலாம், செம்பேனை எதைக்கொண்டு பறிப்பது? கொடுமை என்னவென்றால், துணைப்பயிரைப் பற்றிப் பேசுகிற இத்தனை பேரில் ஒருவர்கூட என்னிடம் இதைச் சொன்னதில்லை.

ஆகவே அக்காவுக்கு என் பதில்: ஆடிப்பட்டத்தில் தாராளமாக வையுங்கள், தக்காளி விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே செண்டுமல்லி நாற்று விட்டுவிடுங்கள். நான் இந்தத் தைப்பட்டத்துக்குச் செண்டுமல்லியே வைக்கப்போவதில்லை. மேற்குப் பக்கம் பிற்பகல் வெயிலை மறைக்க மக்காச்சோளம் இரண்டு வரிசை (2018க்குப் பிறகு மக்காச்சோளக் குருத்தைத் தின்கிற படைப்புழு வருகிறது, தெரியும், குருத்தைத் தினமும் பார்த்துக்கொள்வேன்), வெண்டை ஓரம் தட்டைப்பயறு, மிளகாய் இடைவெளியில் சின்ன வெங்காயம். தக்காளிக்கு நடுவே கொத்தமல்லி தூவிவிடுவேன், வெயிலில் அது இலை தராமல் சீக்கிரம் பூத்துவிடும், அந்தப் பூவுக்கு, புழுக்களை அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் வரும். காய்ப்புழு கொஞ்சம் கூடத்தான் செய்யும். தினமும் காலையில் காயைப் பார்த்துக் கையால் பொறுக்கிக்கொள்கிறேன்.