ஆறு வருட மின்னஞ்சல் காப்பகம்: ஒரு சாய்கோடு படுத்தும் பாடு

இந்தக் காப்பக மென்பொருளை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஆறு வருடமாக எங்கள் அலுவலக மெயில்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. தேடல் அருமை. பாதி வார்த்தை ஞாபகம் இருந்தாலே போதும், மெயிலை எடுத்துக் கொடுத்துவிடும். இதுவரை ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

என் கோபமெல்லாம் ஒவ்வொரு மெயிலுக்கும் இது தரும் வலை இணைப்புகள் (லிங்க்) மேல்தான். போன மாதம், பழைய குறிப்பு ஒன்றில் ஒட்டிவைத்த இணைப்பை அழுத்தினால் 'பக்கம் இல்லை' என்று வந்தது. தேடினால் அதே மெயில் பத்திரமாக இருக்கிறது! முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். முகவரியில் இருக்கும் மெசேஜ் ஐடிக்கு, அதாவது அந்த மெயிலுக்கென்று உள்ள தனி அடையாளக் குறிக்கு, நடுவில் ஒரு சாய்கோடு (/). அதை வலை முகவரிகளில் சாய்கோட்டுக்குப் பதிலாக எழுதும் %2F என்று மாற்றினேன், திறக்கவில்லை. முன்னால் நிற்கும் சர்வர் அதை உள்ளேயே விடவில்லை. அந்த % குறியையும் %25 என்று மாற்றி, %252F என்று இரட்டைக் குறியாக்கம் செய்த பிறகுதான் திறந்தது. இதையெல்லாம் யார் செய்துகொண்டிருப்பார்கள்?

மெசேஜ் ஐடியில் /, +, #, ?, % எல்லாம் வரலாம், மின்னஞ்சல் வடிவத்துக்கான தரநிலையான ஆர்எஃப்சி 5322 அனுமதிக்கிறது. ஆனால் வலை முகவரியில் இவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. # வந்தால் அதிலிருந்து மிச்சத்தை பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. + சில இடங்களில் இடைவெளியாகிவிடும். அப்படியே ஒட்டினால் உடையத்தானே செய்யும்?

மென்பொருள் நிறுவனத்திடம் புகார் செய்தபோது, இந்தக் குறிகள் எப்போதாவதுதானே வரும் என்றார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பல மெயில் நிரல்கள் ஐடியை பேஸ்64 முறையில், அதாவது 64 குறிகளை மட்டும் வைத்து எழுதும் முறையில், உருவாக்குகின்றன. அந்த 64 குறிகளில் இரண்டு + உம் / உம்தான். 24 குறி நீளமுள்ள ஐடியில் இந்த இரண்டில் ஒன்றாவது வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. கணக்குப் போட்டு அனுப்பினேன், பதில் இல்லை.

சரி, போன வாரம் வந்த அப்டேட்டில் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். + க்குப் பதில் -, / க்குப் பதில் _ போட்டுப் புது இணைப்புகள் வருகின்றன. சோதித்த அத்தனையும் திறந்தன, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எங்கள் கோப்புகளில் ஏற்கெனவே ஒட்டிய நூற்றுக்கணக்கான இணைப்புகள் இன்னும் செத்துத்தான் கிடக்கின்றன. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட ஒரு வழி வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் இதிலிருந்து மாறப்போவதில்லை, இந்தத் தேடலை விட முடியாது. ஆனால் இப்போதெல்லாம் இணைப்போடு தேதியையும் தலைப்பையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.