மொட்டை மாடியில் பத்து வருடம்: ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி பயன்பாட்டு அனுபவம்

சென்னைப் புறநகரில் தனி வீடுகளில் வழக்கமாக இருக்கும் ஏற்பாடுதான் இது. தரைக்கு அடியில் சம்ப் தொட்டி, பக்கத்தில் போர்வெல், மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் நம் ஊரில் அதற்கு ‘சின்டெக்ஸ்’ என்றுதான் பெயர். பத்து வருடம் வெயிலையும் உப்புத் தண்ணீரையும் தாங்கிய பிறகும் தொட்டியின் பிளாஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது. தொல்லை கொடுப்பவை தொட்டி உட்காரும் மேடை, பைப்பை இணைக்கத் தொட்டியின் சுவரைத் துளைத்து மாட்டும் நிப்பிள், மேலே மூடி. வாங்கும்போது லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைக்கப் பேரம் பேசிவிட்டு, இந்த மூன்றிலும் கைக்குக் கிடைத்ததை வைத்து முடித்துவிடுகிறோம். பிறகு வரும் செலவெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் அளவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு. நான்கு பேருக்கு 540 லிட்டர் ஆகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தால் ஒரு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். இடம் இருந்தால் ஆயிரத்துக்கு ஒன்று வைப்பதைவிட ஐந்நூறில் இரண்டு வைப்பதே நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றதிலிருந்து தண்ணீர் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு மட்டும் இருக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடும், ஆனால் கழுவும் வேலையைத் தள்ளிப்போட மனம் வராது.

தொட்டியில் ஐஎஸ் 12701 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். மூன்று லேயர், நான்கு லேயர், ஐந்து லேயர் என்று கடையில் சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம். ஒரே கொள்ளளவில் எது எடை அதிகம் என்று கேளுங்கள். எடை கூடினால் சுவர் தடிமன் என்று பொருள். வெளியே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே வெளிச்சம் புகக் கூடாது. நல்ல வெயிலில் மூடியை முக்கால்வாசி மூடச் சொல்லி, இடுக்கு வழியாக உள்ளே பாருங்கள். சுவர் மங்கலாக ஒளிர்ந்தால் அந்தத் தொட்டியில் ஆறு மாதத்தில் பாசி பிடிக்கும்.

மேடைதான் பெரிய விஷயம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். தொட்டியின் அடிப்பக்கம் ஏறக்குறைய மூன்றரை அடி விட்டம். அந்த வட்டத்துக்குள் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் பாரம் இறங்குகிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடியை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் கணக்கு வைப்பார்கள். ஆகவே தொட்டியை ரூமின் நடுவே தளத்தின் மேல் நேராக வைக்கக் கூடாது. கீழே பீம் கூடும் மூலை அல்லது சுமை தாங்கும் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். மாடிப்படி ஹெட்ரூம் மேல் வைப்பதாக இருந்தாலும் அது அந்த பாரத்துக்குக் கட்டப்பட்டதா என்று இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மேடையின் மேல்பரப்பு தொட்டியின் அடியைவிடச் சுற்றிலும் நான்கு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். ஆங்கிள் அயர்ன் ஸ்டாண்டில் கம்பி கம்பியாக விட்டு அதன் மேல் தொட்டியை ஏற்றினால், கம்பிக்கு நடுவே அடிப்பக்கம் தொங்கி, சில கோடைக்குப் பிறகு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். கடப்பாக் கல் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கல்லைச் சேர்த்துப் போட்டால் சேரும் இடத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் வந்துவிடும். கையால் தடவினால்தான் தெரியும். காலித் தொட்டியை வைக்கும்போது ஒன்றும் ஆகாது. நிரம்பியதும் முழுப் பாரமும் அந்த விளிம்பில் உட்காரும். விரிசல் தொட்டிக்கு அடியில் நேர்கோடாக, கல் சேரும் இடத்துக்கு நேர் மேலே ஓடியிருக்கும். கல் போட்ட பிறகு மேலே ஒரு அங்குலம் சிமெண்ட் பூசி, ரசமட்டம் பார்த்து, ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, பெருக்கி, ஒரு ஜல்லித் துண்டுகூட இல்லாமல் பார்த்துத்தான் தொட்டியை ஏற்ற வேண்டும்.

உயரத்தையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குழாயில் வரும் அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது இல்லை, தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். மேல்மாடிக் குளியலறையில் ஷவர் சொட்டுகிறது என்றால், தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே ஆறடிகூட இருக்காது. மேடையை ஐந்தடி ஏற்றிக் கட்டினால் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதோடு தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பை ஒன்றேகால் அங்குலத்தில் தொடங்கி, கீழே கிளை பிரியும்போது முக்கால், அரை என்று குறைத்துக்கொண்டு வாருங்கள். தொடக்கத்திலேயே முக்கால் அங்குலம் போட்டுவிட்டு பிரஷர் இல்லை என்று பூஸ்டர் பம்பு வாங்குவது வீண் செலவு.

துளை போடும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வட்டமாகத் துளை வெட்டும் ஹோல் சா இல்லாமல், கம்பியைக் காய்ச்சி ஓட்டை போடும் பிளம்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் போட்ட ஓட்டையின் விளிம்பு உருகி மேடுபள்ளமாக இருக்கும். வாஷர் அதில் ஒட்டாது. தொட்டியில் துளைக்கென்று தட்டையாக விட்டிருக்கும் இடத்தில், நிப்பிளின் மரை அளவுக்குச் சரியாக ஹோல் சாவால் வெட்டி, விளிம்பைக் கத்தியால் வழித்துவிட்டு, ரப்பர் வாஷரை வைத்து, நட்டைக் கையால் இறுக்கிய பிறகு ரெஞ்சில் கால் சுற்று மட்டும் திருப்பினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வந்துவிடும். எம்-சீல், பைப் ஒட்டும் சொல்யூஷன் இரண்டும் இந்த பிளாஸ்டிக்கில் ஒட்டாது. காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும்.

நிப்பிள் ஒழுகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிரம்பும்போது தொட்டியின் சுவர் லேசாக வெளியே தள்ளும், காலியாகும்போது உள்ளே போகும். பைப் இறுக்கமாக மாட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் நிப்பிள் முறுக்கப்படும். பைப்பின் எடையும் அதில் தொங்கினால் இரண்டாம் வருடத்திலேயே கசியும். நிப்பிளை அடுத்து வால்வு, அதை அடுத்து கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன், அதை அடுத்து பைப்பைத் தாங்க ஒரு கிளாம்ப் என்று போடுங்கள். யூனியன் இருந்தால் வால்வு மாற்றும்போது பைப்பை அறுக்க வேண்டாம்.

வெளியே போகும் நிப்பிள் அடியிலிருந்து மூன்று அங்குல உயரத்தில் இருக்கட்டும், வண்டல் அதற்குக் கீழே தங்கும். வண்டலை வெளியேற்ற, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் தனியாக ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு டிரெய்ன் வால்வு கட்டாயம் வேண்டும். பல வீடுகளில் இது இல்லாததால்தான் கழுவும் வேலையே நடப்பதில்லை. நிரம்பி வழியும் பைப் உள்ளே வரும் பைப்பைவிட ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும், அதன் வாயில் நைலான் கொசுவலை கட்ட வேண்டும்.

தொட்டி நிறைய தண்ணீர், குழாயில் காற்று மட்டும் வருகிறது என்றால் அது ஏர் லாக். தொட்டி ஒரு முறை முழுதாகக் காலியான பிறகு மொட்டை மாடியில் படுக்கையாக ஓடும் பைப் எங்கே மேடாக வளைந்திருக்கிறதோ அங்கே காற்று தேங்கிவிடும். மேலே உள்ள தண்ணீரின் அழுத்தம் அதைத் தள்ளப் போதாது. வால்வுக்கு அடுத்தே ‘டீ’ என்ற மூன்று வழி இணைப்பு ஒன்று போட்டு, அரை அங்குலப் பைப்பைத் தொட்டியின் தலைக்கு மேல் ஒரு அடி ஏற்றி, நுனியை எல்போவால் கீழ்நோக்கித் திருப்பி வலை கட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. படுக்கைப் பைப் எங்கும் மேல்நோக்கி ஏறாமல், இறங்கும் பைப்பை நோக்கிச் சரிந்தே போக வேண்டும்.

மே மாதத்தில் குழாயைத் திறந்ததும் கொதிக்கக் கொதிக்க வருவது தொட்டித் தண்ணீர் இல்லை. வெயிலில் கிடக்கும் பைப்புக்குள் நின்ற தண்ணீர் அது. ஒரு அங்குலப் பைப் பத்து மீட்டர் ஓடினால் அதற்குள் ஐந்து லிட்டர் நிற்கும். தொட்டிக்குக் கூரை போடுவதற்கு முன் பைப்புக்கு ஃபோம் உறை போடுங்கள், செலவு குறைவு. வெயில் படும் பிவிசி பைப் சில வருடங்களில் சுண்ணாம்பு போல வெளிறி, தட்டினால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். உறை அதையும் தடுக்கும்.

மூடி விஷயத்துக்கு வருவோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டை ஒட்டும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரித்து, எட்டுப் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது, சுவரைத் தேய்த்தே ஆக வேண்டும். மூடியின் மரை உடைந்திருந்தால், மேலே ஒரு செங்கல் வைத்துச் சமாளிக்காமல் அன்றைக்கே புது மூடி வாங்குங்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் சென்சாரின் வயருக்காக மூடியில் ஓட்டை போடுவதும் கொசுவுக்கு வழி விடுவதுதான். அந்த வயரை, சுற்றிலும் இறுக்கி அடைக்கும் தனி கிளாண்ட் வழியாகக் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீரில் சென்சார் கம்பியின் மேல் வெள்ளையாகப் படிந்து மோட்டார் தானாக நிற்காமல் போகும். போர் தண்ணீருக்குக் காந்த மிதவை ஸ்விட்ச் நீண்ட நாள் உழைக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். அதிகாலையில் தொடங்குங்கள், ஒன்பது மணிக்கு மேல் உள்ளே ஆள் நிற்க முடியாத அளவு சூடாகிவிடும். ஒரு அடித் தண்ணீர் மிஞ்சும்போது நைலான் பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ தேயுங்கள். கம்பி நார் வேண்டாம், அது கீறிய இடத்தில்தான் வழவழப்பு முதலில் பிடிக்கும். சோப்பும் வேண்டாம். ஆசிட் கிட்டவே வரக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய தொட்டிக்குள் அது உயிரை வாங்கும்.

வண்டலை டிரெய்னில் விட்டுவிட்டு, தொட்டியை நிரப்பி, 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ, கீசர் வால்வுகளை மூடிவிட்டு, வாசனை வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள். ஒரு இரவாவது நிற்கட்டும், முடிந்தால் 24 மணி நேரம். பிறகு முழுதும் கொட்டி, ஒரு முறை அலசி, புதுத் தண்ணீர் ஏற்றலாம். அந்த ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரை முன்பே பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பில் இறங்குவது வேறு விஷயம். மூடியே கிடந்த சம்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். இறங்கிய ஆள் மயங்கி, காப்பாற்ற இறங்கியவரும் திரும்பாமல் போன சம்பவங்கள் தமிழ்நாட்டில் பல முறை நடந்திருக்கின்றன. மூடியை நெடுநேரம் திறந்து போட்டு, ஃபேன் வைத்து, மோட்டார் மெயினை அணைத்து, மேலே ஒருவர் நிற்கும்போதுதான் இறங்க வேண்டும். பெட்ரோலில் ஓடும் இறைக்கும் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. 2015, 2023 டிசம்பர் மழை மாதிரி வெள்ளம் சம்பில் புகுந்தால், மேல் தொட்டிக்கு ஏற்றுவதற்கு முன் சம்பை முழுதும் இறைத்துக் கழுவி, மேலே சொன்னபடி பிளீச்சிங் செய்தாக வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பி வையுங்கள். 2016 வர்தா மாதிரிக் காற்றில் காலித் தொட்டி முப்பது, நாற்பது கிலோப் பொருள்தான், பைப்பைப் பிய்த்துக்கொண்டு உருளும்.

மோட்டார் போட்டு நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று தொட்டி புதிதாக இருக்கும்போதே சுவிட்ச் போர்டு பக்கத்தில் எழுதி வையுங்கள். 25 நிமிடம் 40 ஆனால் உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் கசிவு, ஏறும் பைப்பில் உப்பு படிதல், போரில் நீர் மட்டம் இறங்குதல் ஆகிய மூன்றில் ஒன்று. நிரப்பி, வால்வை மூடிவிட்டு, உள்ளே கோடு போட்டு, காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் நிப்பிளுக்கு அடியில் விரலால் தடவுங்கள். அங்கே காய்ந்திருந்தால் மேடையின் ஓரத்தில் ஈரக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அடியில் விரிசல் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் சில மாதம் தாங்கும், அதற்குள் புதுத் தொட்டி வாங்கி, பழைய மேடையைப் பூசிச் சரிசெய்த பிறகு ஏற்றுங்கள்.