படுவான்கரையில் வீட்டுத்திட்டக் காணி வாங்க எண்ணுவோர் கவனத்திற்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து போகும் படுவான்கரைப் பக்கத்தில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், துண்டு துண்டாகக் காணி விற்கும் ஒரு வீட்டுத்திட்டத்தில் 2023 ஆவணியில் பத்துப் பேர்ச் வாங்கி வீடு கட்டிய அனுபவத்தை எழுதுகிறேன். காபட் வீதி, மூடிய வடிகான், குழாய்நீர், வீதி விளக்கு, சிறுவர் பூங்கா, சுற்றிலும் வயற்காற்று என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். வயற்காற்று மட்டும் சொன்னபடியே கிடைத்தது.

நாங்கள் பார்க்கப் போனபோது சிறுபோக அறுவடை முடிந்து தரை வெடித்துக் கிடந்தது. புதிதாகக் கொட்டிய கிறவல் செக்கச்செவேலென்று அழகாக இருந்தது. அதன் கீழே இருந்தது வயல். உறுதியின் அட்டவணையிலேயே 'வயற்காணி' என்று எழுதியிருந்ததை நொத்தாரிசு வாசித்தும் காட்டினார். என் மனமோ கேற்றுக்கு என்ன நிறம் பூசலாம் என்பதில் இருந்தது. வயலை நிரப்புவதென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்தக் கடிதத்தை விற்றவர்களிடம் எத்தனையோ முறை கேட்டும் இன்றுவரை காட்டவில்லை.

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் மேல்வட்டை, அதாவது மேற்பக்க வயல்வெளி, நீர் முழுவதும் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. குசினிச் சுவரில் என் முழங்காலுக்குச் சற்று மேலே அந்தக் கோடு இன்னும் தெரிகிறது. மலக்குழி நிரம்பிக் கிணற்றோடு கலந்ததால் இரண்டு மாதம் போத்தல் தண்ணீரில் காலம் தள்ளினோம். மழை சற்று ஓய்ந்ததும் வந்த, வயல்களின் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டைவிதானை, எங்கள் பூங்காவைக் காட்டி, "வடிச்சல் வாய்க்கால் இதாலதான் போனது, தம்பி" என்றார். இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்கியும் நிற்கும் அந்த இடத்தில்தான் நீரின் வழியை அடைத்திருக்கிறார்கள்.

வீதியைத் திருத்தித் தரும்படி பிரதேச சபைக்குப் போனால், அது இன்னும் சபைக்குக் கையளிக்கப்படாத தனியார் வீதி என்பதால் பணம் ஒதுக்க வழியில்லை என்றார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. விற்றவர்களோ, மழை விடட்டும் என்கிறார்கள்.

ஆகவே காணி பார்க்கப் போகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில், மழை கொட்டும் நாளில் போய்ப் பாருங்கள். சபையின் அனுமதி முத்திரை இட்ட நில அளவை வரைபடத்தையும், வீதி கையளிக்கப்பட்டதற்கான கடிதத்தையும் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள். கமநல சேவை நிலையத்தில் விசாரிப்பதோடு, பக்கத்து வயற்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்; நான் கேட்டிருந்தால் ஒரு தேநீர்ச் செலவோடு முடிந்திருக்கும்.

இப்போது இரண்டாம் கட்டம் விற்பனைக்கு என்று பெரிய பதாகை வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள படத்தில் தெரிவது என் வீட்டுக் கேற்றுதான். ஆவணி வெயிலில் எடுத்த படம்.