அயர்லாந்து ஊர்ப்பெயர்களைத் தேடுவோருக்கு: லோகனிம், தூகஸ் தளங்கள்

அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் ஓர் ஊருக்குப் பெயர் எப்படி வந்தது என்று அறிய விரும்புவோருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் லோகனிம், தூகஸ் ஆகிய இரு தளங்களையும் நான் முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். ஒன்றை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சரியான முறை.

2008இல் தொடங்கப்பட்ட லோகனிம், அரசின் இடப்பெயர்ப் பிரிவு சேர்த்த சான்றுகளைத் தருகிறது. அயர்லாந்துத் தீவு முழுவதும் கிராமத்தைவிடச் சிறிய டவுன்லேண்டு என்னும் நிலப்பிரிவுகள் மட்டுமே 60,000க்கும் மேல் உள்ளன. 1834 முதல் நில அளவைத் துறைக்காக ஐரிஷ் மொழி அறிஞர் ஜான் ஓ'டோனவன் ஊர் ஊராகச் சென்று, ஐரிஷ் பேசிய முதியவர்களின் உச்சரிப்பைக் கேட்டு எழுதிய குறிப்புகள் இந்த ஆய்வுக்கு அடித்தளம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'கில்' என்று தொடங்கும் பெயர், கிறித்தவத் தேவாலயத்தால் வந்ததா காட்டால் வந்ததா என்பதைப் பழைய ஆவண வடிவங்களை வரிசையாகப் பார்த்தே தீர்மானிக்க முடியும்; அவற்றை ஆண்டுடன் காட்டுவதே இத்தளத்தின் பெரும் பலம்.

நாட்டுப்புறக் கதைகளையும் நம்பிக்கைகளையும் தரும் தூகஸின் செல்வம் வேறு வகையானது; அதன் பள்ளித் தொகுப்பையே இங்கே சொல்கிறேன். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்கள், வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டு எழுதியவை ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். கையெழுத்துப் பக்கத்தின் படத்தோடு பள்ளியின் பெயரும், எழுதிய பிள்ளையின் பெயரும், பல இடங்களில் கதை சொன்னவரின் பெயரும் வயதும் கிடைக்கின்றன. ஓர் ஊரின் நினைவை இவ்வளவு மரியாதையோடு காத்த தொகுப்பு அரிது. 'லிஸ்' என்று தொடங்கும் பெயர் வட்ட மண்கோட்டையைக் குறிக்கும் என்பதை லோகனிமில் அறியலாம். அக்கோட்டையில் தேவதைகள் குடியிருப்பதாக நம்பி, அந்த மேட்டை உழவும் அதிலுள்ள முள்மரத்தை வெட்டவும் மக்கள் ஏன் அஞ்சினார்கள் என்பதைத் தூகஸில்தான் படிக்க முடியும்.

குறைகளும் உண்டு. பள்ளித் தொகுப்பு இன்றைய அயர்லாந்துக் குடியரசின் 26 கவுண்டிகளோடு (மாவட்டங்களோடு) நின்றுவிடுவதால் வட அயர்லாந்தைத் தேடுவோருக்கு அது உதவாது. தன்னார்வலர்கள் படியெடுத்துத் தட்டச்சு செய்த வடிவத்தை மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெயர்க்காரணமாகச் சொல்லப்படும் வீரன் கதையையோ துறவி கதையையோ சொற்பிறப்பாகக் கொள்ளாமல், அவ்வூரார் தம் நிலத்தை எப்படி எண்ணினார்கள் என்பதற்கான சான்றாகவே கொள்ள வேண்டும். புதியவர்கள் லோகனிமில் டவுன்லேண்டின் கவுண்டியையும் பாரிஷையும் (தேவாலய வட்டத்தையும்) உறுதிசெய்துகொண்டு, பிறகு தூகஸில் அருகிலிருந்த பள்ளிகளைத் தேடினால் விரைவில் வழி புலப்படும்.